பதினாறு அங்குல ரிம்மின் அழகு

காட்டுப்பாதையில் ஏறும் ஜீப்புக்கு அழகு தருவது பளபளக்கும் பெரிய ரிம் அல்ல. ரிம்முக்கும் மண்ணுக்கும் நடுவே நிற்கும் ரப்பர். 2020இல் வந்த மஹிந்திரா தாருக்கு இரண்டு டயர் அளவுகள் உண்டு: 245/75 ஆர்16, 255/65 ஆர்18. மொத்த உயரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம். பக்கச்சுவரைப் பாருங்கள். முதலாவதில் 245இல் 75 சதவீதம், அதாவது 184 மில்லிமீட்டர், இரண்டாவதில் 166. அந்த 18 மில்லிமீட்டர் எனக்குப் பொன். மணலில் காற்றைக் குறைத்தால் டயர் ஒட்டகப் பாதம்போல் பரந்து மிதக்கும். கல்லில் இடித்தாலும் ரிம் நசுங்காமல் தப்பும்.

அகலமே பலம் என்பதும் முழு உண்மையல்ல. இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப் 6.00-16 என்ற ஒல்லி டயரில் ஓடியது. மேலே சேறு, கீழே கெட்டித் தரை என்றால் ஒல்லி டயர் சேற்றைக் கிழித்துத் தரையைப் பிடித்துவிடும். என்ன நேர்த்தி!

அளவுக்கு மீறிய டயர் இழுவையைக் குறைக்கும், பிரேக்குக்குச் சுமை கூட்டும், ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். பிரேக் காலிப்பர் இடிக்காத மிகச் சிறிய ரிம்மையே தேர்ந்தெடுங்கள். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும்.