நாற்பது நிமிடத்தில் சங்கரன்கோவில்

சென்னையிலிருந்து சங்கரன்கோவிலுக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் தெரியுமா? நாற்பது நிமிடம். சிரிக்காதீர்கள். இரண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தால் தூரமும் நேரமும் சொல்கிற கணக்குகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய 525 கிலோமீட்டர். ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும். வகுத்தால் ஆச்சு, நாற்பது நிமிடம். சங்கரன்கோவிலில் விமான நிலையமே கிடையாது என்பது பாவம், வகுத்தலுக்குத் தெரியாது.

சரி, விமானம் இறங்குகிற ஊரையே எடுத்துக்கொள்வோம். சென்னை-மதுரை ஆகாயத்தில் சுமார் 420 கிலோமீட்டர். இதே கணக்கில் அரை மணி. ஆனால் டிக்கெட்டில் ஒன்றேகால் மணிக்குக் குறையாமல் போட்டிருப்பார்கள். ஏன்? டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் இல்லை. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை எடுத்ததிலிருந்து, இறங்கிய ஊரில் திரும்ப முட்டுக்கட்டை வைக்கிறவரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்க இடமில்லாமல் வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். போதாக்குறைக்குப் பல சமயம் சின்ன ஏ.டி.ஆர். விமானம், அதன் வேகம் 500 கிலோமீட்டர்தான். காற்று வேறு இருக்கிறது. லண்டனுக்குப் போவதைவிடத் திரும்பி வருவது சீக்கிரம் முடிந்துவிடும். தூரம் என்னவோ ஒன்றுதான்.

இப்போது நம் ஆளைக் கிளப்புவோம். மயிலாப்பூரிலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஒரு மணி. இரண்டு மணி முன்னாடியே வரச் சொல்கிறார்கள். பறக்க ஒன்றேகால். பெட்டி வர அரை மணி. அப்புறம் விருதுநகர் அல்லது ராஜபாளையம் வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் காரில், இரண்டரை மணி. கூட்டுங்கள், ஏழேகால். தூத்துக்குடி வாகைக்குளத்தில் இறங்கினாலும் பெரிய லாபமில்லை. விருதுநகர்-தென்காசி பாதை 2004-ல் அகலப்பாதை ஆன பிறகு, பொதிகையில் ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் ஊரில் முழிக்கலாம். ஏறத்தாழ பத்து மணி நேரம். அதில் பாதிக்கு மேல் தூக்கம். (ஆடித்தபசு சமயத்தில் பெர்த் கிடைத்தால் கோமதியம்மன் கண் திறந்தாள் என்று அர்த்தம்.)

அப்படியானால் விமானம் வேண்டாமா? அப்படியும் சொல்லிவிட முடியாது. ராத்திரி பத்து மணிக்கு ஊரிலிருந்து போன் வருகிறது. “பெரியவர் போயிட்டாருடே. எடுக்கதுக்குள்ள வந்துருவியா?” பொதிகை புறப்பட்டுப் போயாச்சு. காரில் 600 கிலோமீட்டர், தூக்கம் கெட்ட டிரைவர், அழுதுகொண்டு பின் ஸீட்டில் அம்மா. அந்த ராத்திரியில் விடிகாலை விமானம்தான் கதி. போய்ச் சேர மத்தியானம் ஆகிவிடும். பந்தல்காரருக்கும் வெட்டியானுக்கும் அந்த மத்தியானக் கணக்கைத்தான் சொல்லி நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பட்டியல் போடுகிறவர்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு கட்டம்தான்: ‘இப்போது கிளம்பினால் எத்தனை மணிக்கு வீட்டு வாசலில்?’ அதை நிரப்ப அட்சரேகை போதாது. முதல் விமானம் எத்தனை மணிக்கு, கடைசி ரயில் போய்விட்டதா, ராஜபாளையத்துக்கு அப்புறம் ரோடு எப்படி என்றெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இப்போதைக்கு அது தெரிந்தவர், போன் செய்த அந்தச் சித்தப்பாதான்.