கவசம் யாருக்குச் சொந்தம்?

சுந்தரபாண்டியபுரத்தை ஒட்டிய வயல்வெளியில் ஒரு பாறைக்கூட்டம் இருக்கிறது. 2005இல் வந்த 'அந்நியன்' படத்தின் பாட்டு ஒன்றுக்காக அந்தப் பாறைகளில் திரை நட்சத்திரங்களின் முகங்களைப் பெரிது பெரிதாகத் தீட்டினார்கள். அன்றிலிருந்து ஊர்க்காரர்களுக்கும், குற்றால சீசனுக்கு வந்து சூரியகாந்தித் தோட்டம் பார்த்துப் போகிறவர்களுக்கும் அது அந்நியன் பாறைதான். அந்தப் படத்தின் நாயகன் ஒரே உடம்புக்குள் அம்பி, ரெமோ, அந்நியன் என்று மூன்று பேராக வாழ்கிறவன். காமிக்ஸ் உலகத்தில் இதற்கு நேர்மாறான வழக்கம் ஒன்று அறுபது ஆண்டுகளாக நடந்துவருகிறது. அங்கே பெயர் ஒன்று, கவசம் ஒன்று, உள்ளே ஏறுகிற உடம்புகள்தான் மாறிக்கொண்டே இருக்கும். அயர்ன் மேன் அதில் பெரிய பெயர். அவருடைய சோவியத் எதிரியான கிரிம்சன் டைனமோ இன்னொன்று. இந்த வழக்கத்தில் நல்ல கதைக்கான விதை நிறைய இருக்கிறது. அதைக் கெடுத்துக்கொள்கிற பழக்கமும் அதன் கூடவே பிறந்திருக்கிறது.

அயர்ன் மேன் முதலில் வந்தது 1963 மார்ச் மாத 'டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்' 39ஆம் இதழில். கவசத்துக்குள் இருப்பது தான்தான் என்பதை மறைக்கத் தொழிலதிபர் டோனி ஸ்டார்க் ஊருக்கு ஒரு பொய் சொல்லி வைத்திருந்தார்: அயர்ன் மேன் தன்னிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மெய்க்காப்பாளன். இந்தச் சின்னப் பொய்யை விமர்சகர்கள் பெரும்பாலும் கடந்து போய்விடுகிறார்கள். எனக்கோ எல்லாமே அதிலிருந்து தொடங்குவதாகப் படுகிறது. கவசத்துக்குள் யாரோ ஒரு வேலைக்காரன் இருக்கிறான் என்று கதையே சொல்லிவிட்ட பிறகு, ஒருநாள் அது உண்மையாகித்தானே தீரும்? அந்தப் பத்தாண்டிலேயே ஸ்டார்க்கின் கார் ஓட்டுநர் ஹேப்பி ஹோகன், முதலாளியின் ரகசியத்தைக் காப்பாற்றக் கவசத்தை மாட்டிக்கொண்டு, எதிரி மாண்டரினிடம் சிக்கினார். 1970 தொடக்கத்தில் எடி மார்ச் என்ற கறுப்பினக் குத்துச்சண்டை வீரரை ஸ்டார்க்கே தன் வாரிசாகத் தேர்ந்தெடுத்தார். எடியின் மூளையில் இரத்தக்கட்டி இருந்தது பிறகுதான் தெரிகிறது. சண்டையில் அடிபட்டு அவர் உயிருக்குப் போராட, கவசம் பழைய ஆளிடமே திரும்பிப் போனது. இரண்டு சம்பவத்திலும் அடியைத் தாங்கியது மாட்டிக்கொண்டவரின் உடம்பு. பெயர் நின்றது ஸ்டார்க்குக்கு.

இந்த வழக்கம் முழு வலுவோடு வெளிப்பட்டது 1983 ஏப்ரலில், அயர்ன் மேன் 169ஆம் இதழில். எழுதியவர் டென்னி ஓ'நீல், வரைந்தவர் லூக் மெக்டானல். ஸ்டார்க் குடியில் விழுந்து எழ முடியாமல் கிடக்கிறார். மேக்மா என்ற எதிரி வாசலில் நிற்கிறான். ஸ்டார்க்கின் விமானியும் வியட்நாமில் போரிட்ட முன்னாள் மரைன் படை வீரருமான ஜேம்ஸ் ரோட்ஸ், வேறு வழியில்லாமல் கவசத்துக்குள் ஏறுகிறார். ஏறிய மனிதருக்கு அதை இயக்கத் தெரியாது. பறக்கத் தடுமாறுகிறார், எந்தப் பொத்தானுக்கு எந்த ஆயுதம் என்று விழிக்கிறார். இருபது ஆண்டுகளாக வாசகர்கள் பழக்கத்தில் கவனிக்காமல் விட்ட இரும்பின் கனத்தை, புது ஆள் ஒருவர் தூக்கும்போதுதான் மறுபடி உணர முடிந்தது. கவசத்தைக் கைமாற்றுவதால் கதைக்குக் கிடைக்கிற முதல் ஆதாயம் இதுதான்.

இரண்டாவது ஆதாயம் இன்னும் ஆழமானது. ரோட்ஸுக்குத் தலைவலி வருகிறது. தாங்க முடியாத வலி, காரணமில்லாத கோபம், அளவுக்கு மீறிய முரட்டுத்தனம். தலைக்கவசம் ஸ்டார்க்கின் மூளைக்காக அளவெடுத்துச் செய்தது, அதனால்தான் இப்படி என்று முதலில் நினைக்கிறார்கள். பிறகு ஆல்ஃபா ஃப்ளைட் குழுவைச் சேர்ந்த ஷாமன் என்ற மருத்துவரிடம் போகும்போது வேர் வேறு இடத்தில் இருப்பது தெரிகிறது. இந்தக் கவசத்துக்குத் தான் தகுதியானவன் அல்ல என்ற குற்ற உணர்ச்சியே தலைக்குள் வலியாக ஏறியிருக்கிறது. இன்னொருவருடைய நாற்காலியில் உட்கார நேர்ந்த எவருக்கும், குறிப்பாக அந்த நாற்காலி தன் போன்றோருக்கு இல்லை என்று சொல்லப்பட்டு வளர்ந்தவர்களுக்கு, இந்த வலி விளங்கும். பிறவியிலேயே சக்தி பெற்ற நாயகனை வைத்து இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கழற்றி மாட்டக்கூடிய கவசம் இருந்தால்தான் முடியும்.

அதே காலத்தில் வந்த 'சீக்ரெட் வார்ஸ்' தொடரில் ஒரு சிறு காட்சி உண்டு. மலை ஒன்றின் அடியில் நாயகர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். அயர்ன் மேன் கவசத்தை அறிவியலாளர் ரீட் ரிச்சர்ட்ஸ் பழுது பார்க்கிறார், தலைக்கவசம் திறந்திருக்கிறது. உள்ளே ஒரு கறுப்பினத்தவனைப் பார்த்ததும் ஆச்சரியமாக இருந்ததா என்று ரோட்ஸ் கேட்கிறார். இல்லை, உள்ளே யாரோ ஒரு மனிதன் இருந்துதானே ஆக வேண்டும் என்ற பொருளில் ரிச்சர்ட்ஸ் பதில் சொல்கிறார். பெருந்தன்மையான பதில்தான், ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய நிலையில் ரோட்ஸ் இருந்தார் என்பதே எனக்கு முக்கியம். உடம்பில் ஒரு விரற்கடை தோல்கூட வெளியே தெரியாத கவசம் அது. கதைக்குள் இருக்கும் ஊர் ஜனங்கள் கை தட்டியது ஒரு கறுப்பின நாயகனுக்கு என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. வாசகருக்கு மட்டும் தெரியும். பகிரப்பட்ட கவசம் ரோட்ஸுக்குக் கதவைத் திறந்துவிட்டது, கூடவே முகத்தையும் மூடிவிட்டது. இரண்டையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைக் கொண்டுவருகிறேன். தென்காசி, நெல்லை வட்டாரத்துச் சுடலைமாடன் கொடைவிழாவில் சாமியாடும் சாமிகொண்டாடி சல்லடம் கட்டுவதை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் புரியும். சல்லடம் என்பது மணிகள் தைத்த அரைக் காற்சட்டை. தலைக்குக் குல்லா, இடுப்பில் இறுக்கிக் கட்டிய கச்சை, கையில் வல்லயம், தீப்பந்தம். பெரியவர் காலமான பிறகு அவர் மகனோ தம்பி மகனோ அடுத்து ஆடும்போது, பழைய சல்லடம் இளந்தாரி இடுப்பில் நிற்காது. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கச்சையை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். வில்லுப்பாட்டில் கதை ஏற ஏற, மேளம் உச்சத்துக்குப் போக, மணிகள் குலுங்கத் தொடங்கும். பகலில் அவரை "ஏலே" என்று கூப்பிட்ட பெரியப்பா, நடுச்சாமத்தில் "அய்யா" என்று கைகட்டி நின்று திருநீறு வாங்குவார். வேட்டைக்குப் போய்த் திரும்பி, குறி சொல்லி முடித்து, சல்லடத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்த பிறகு அவர் மறுபடி பழைய ஆள்தான்.

கவசத்தைப் பகிர்வதற்கு இதைவிட நேர்மையான ஏற்பாட்டை நான் காமிக்ஸில் கண்டதில்லை. சல்லடத்துக்கு 'அசல் ஆள்' என்று ஒருவர் கிடையாது. இறந்துபோன தாத்தாவும் அசல் இல்லை, இன்று ஆடுகிற பேரனும் பதிலாள் இல்லை. எல்லோருக்கும் மேலே சாமி இருக்கிறது, அதனால் யாரும் யாருக்கும் குத்தகைக்காரர் ஆவதில்லை. ஆனாலும் இந்த ஏற்பாட்டைக் குறையற்றதாகக் காட்டுவது உண்மைக்குப் புறம்பு. பல ஊர்களில் சல்லடம் குறிப்பிட்ட குடும்பத்தின் ஆண்களை விட்டு வெளியே போகாது. முதல் மரியாதை யாருக்கு, ஆடும் உரிமை யாருக்கு என்று பங்காளிகள் பேச்சுவார்த்தை அற்றுப்போன ஊர்கள் உண்டு. உடை எல்லோருக்கும் பொது, உரிமை சிலருக்கு மட்டும் என்ற முரண் அங்கேயும் இருக்கிறது.

காமிக்ஸில் இந்தப் பரம்பரை ஏற்பாட்டுக்கு மிக அருகில் வருவது லீ ஃபாக் 1936இல் படைத்த ஃபேண்டம். தமிழில் வேதாளராகவும் முகமூடி வீரர் மாயாவியாகவும் நாம் படித்தவர். இருபத்தொரு தலைமுறையாக அப்பன் உடையைப் பிள்ளை போட்டுக்கொள்கிறான், காட்டு மக்களோ ஒரே ஆள் சாகாமல் வாழ்வதாக நம்புகிறார்கள். சகோதரனால் இயலாமல்போனபோது உடையை மாட்டிய ஜூலி போன்ற விதிவிலக்கைத் தவிர, இதுவும் ஆண்வழிச் சொத்துதான். மேலும், ஆப்பிரிக்கக் காட்டு மக்களைக் காக்க ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக முகமூடி மாட்டி அவர்களை நம்பவைத்துக்கொண்டே இருக்கிறது. அந்த அடிப்படையை இன்று யோசிக்காமல் ரசிக்க என்னால் முடிவதில்லை. சல்லடம் கட்டியவர் யாருடைய பேரன் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தே கும்பிடுகிறார்கள். ஃபேண்டம் கதையில் கும்பிடுகிறவனுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் விதி.

தமிழ் வாசகரின் பெரிய காதலான இரும்புக்கை மாயாவியை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாகக் கொண்டுவந்த அந்த லூயிஸ் கிராண்டெலின் கை, உடம்போடு பொருந்திய உறுப்பு. மின்சாரம் பாய்ந்தால் கை மட்டும் தெரிய மற்ற உடம்பு மறைந்துவிடும். அதை அடுத்தவனுக்கு மாட்டிவிட்டு அவன் வீட்டில் ஓய்வெடுக்க முடியாது. அவனுடைய தனிமை அவ்வளவு கனமாக இருந்ததற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

கிரிம்சன் டைனமோவுக்கு வருவோம். 1963இல் இந்தக் கவசத்தைச் செய்தவர் ஆண்டன் வான்கோ என்ற சோவியத் அறிவியலாளர். அமெரிக்கா பக்கம் சாய்ந்த அவரைக் கொல்ல அடுத்த ஆண்டே போரிஸ் டர்கெனெவ் என்ற ஒற்றன் அனுப்பப்படுகிறான். அவன் வான்கோவின் கவசத்தையே எடுத்து மாட்டிக்கொள்கிறான். வான்கோ இன்னும் பக்குவப்படாத லேசர் துப்பாக்கியால் அவனைச் சுட்டு, அந்த வெடிப்பில் தானும் சாகிறார். அதன் பிறகு அலெக்ஸ் நெவ்ஸ்கி, யூரி பெட்ரோவிச், டிமிட்ரி புகாரின், வேலண்டைன் ஷடாலோவ் என்று ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். எதிரி என்பதால் இவர்களில் யாருக்கும் நின்று நிதானிக்கப் பக்கம் ஒதுக்கப்படவில்லை. அது பெரிய குறை. ஆனால் ஒரு விஷயத்தில் இந்த வரிசை அயர்ன் மேனைவிட வெளிப்படையாக இருக்கிறது. பெரும்பாலும் கவசம் அரசாங்கத்தினுடையது, ஆள் போனால் அடுத்த ஆள் என்பதைக் கதை மூடி மறைப்பதில்லை.

அயர்ன் மேன் கதையிலோ கவசத்துக்குச் சொந்தக்காரர் ஒரு முதலாளி, அவர் அதை இன்னொருவருக்குத் தருவதைக் கதை தியாகம் என்றே பெயரிட்டு அழைக்கிறது. 1985 நவம்பரில் 200ஆம் இதழ் வந்தது. அதற்கு முந்தைய இதழில் எதிரி ஒபடையா ஸ்டேன் வைத்த குண்டு வெடித்து ரோட்ஸ் காயமடைகிறார். குடியிலிருந்து மீண்ட ஸ்டார்க் வெள்ளியும் சிவப்புமான புதுக் கவசத்தில் வந்து ஸ்டேனை வீழ்த்துகிறார். இரண்டரை ஆண்டு வலியோடு சுமந்தவரை ஒரு குண்டால் ஓரம் கட்டிவிட்டு, கொண்டாட்ட இதழை அசல் ஆளுக்குக் கொடுத்தார்கள். ஸ்டார்க் மீண்டதில் எனக்கு மகிழ்ச்சியே. குடியிலிருந்து எழுந்து வருகிற கதை நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதன் விலையை ரோட்ஸ் கட்டியதுதான் உறுத்துகிறது. இரண்டே ஆண்டில், 1987இல் தொடங்கிய 'ஆர்மர் வார்ஸ்' கதையில், தன் தொழில்நுட்பம் பிறர் கவசங்களில் இருப்பதைக் கண்ட ஸ்டார்க், நல்லவர் கெட்டவர் பாராமல் ஒவ்வொருவராக வேட்டையாடுகிறார். அதில் டைட்டேனியம் மேன் கவசத்துக்குள் இருந்தவன் செத்தே போகிறான். நண்பனுக்குக் கவசம் கொடுத்த கையும் இந்தக் கையும் ஒன்றுதான்: கொடுத்தது பகிர்வு அல்ல, இரவல்.

வியாபாரம் இதில் கலந்திருக்கிறது. பெயரை விட்டால் விற்பனை போகும், ஆளை மாற்றாவிட்டால் வாசகர் சலிப்பார். எனவே புது ஆளைக் கொண்டுவந்து பரபரப்பாக்கி, சில ஆண்டில் பழைய ஆளைத் திரும்பக் கொண்டுவந்து இன்னொரு பரபரப்பு. முதல் இதழிலேயே வாசகருக்கு முடிவு தெரிந்துவிடுகிறது. பதவி நிலைக்காது என்று தெரிந்த நாயகனோடு மனம் முழுதாக ஒட்டாது. ஆல்ஃபா ஃப்ளைட்டில் 1984இல் கணவர் ஜேம்ஸ் ஹட்சன் கவசத்திலேயே இறந்த பிறகு அவர் வழியில் கவசம் மாட்டிய ஹெதர் ஹட்சனின் கதை வித்தியாசமாக உருக்கியதற்குக் காரணம், அந்த மரணத்தை வாசகர்கள் அன்று உண்மையாக நம்பியதே. பின்னாளில் அந்தக் கணவரையும் உயிர்ப்பித்துக் கொண்டுவந்து அந்த நம்பிக்கையைக் கெடுத்தார்கள்.

2016இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸ் அறிமுகப்படுத்திய ரிரி வில்லியம்ஸ் இந்தச் சிக்கலைப் பாதி அவிழ்த்தாள். சிகாகோவைச் சேர்ந்த பதினைந்து வயதுக் கறுப்பினப் பெண். கவசத்தை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை, கல்லூரி விடுதி அறையில் தானே செய்துகொண்டாள். ஆனால் ஸ்டார்க் நினைவிழந்து கிடந்த அந்தத் தொடர் முழுக்க, அவருடைய செயற்கை அறிவு அவளுக்குப் பக்கத்தில் பேசிக்கொண்டே இருந்தது. 2018 நவம்பரில் 'அயர்ன்ஹார்ட்' என்ற பெயரில் அவளுக்கே தனி இதழ் வந்தபோது, எழுத வந்தவர் சிகாகோவின் கவிஞரும் சமூகவியலாளருமான ஈவ் யூயிங். அவர் ஸ்டார்க்கின் குரலைத் தொடரவில்லை. அந்த இடத்துக்கு வந்தது, துப்பாக்கிச் சூட்டில் இறந்த ரிரியின் தோழி நேட்டலியின் சாயலில் எழுந்த செயற்கை அறிவு. கவசமும் அவளுடையது, பெயரும் அவளுடையது, காதில் விழும் துயரமும் அவளுடையது. இதைப் பகிர்வு என்று சொல்ல முடியாதுதான். 1983இல் ரோட்ஸுக்கு இப்படி ஒன்று கிடைத்திருந்தால், 200ஆம் இதழுக்காக அவரைக் குண்டுவைத்து ஒதுக்க வேண்டியிருந்திருக்காது.