செஞ்சி பில்லும் பாண்டி பில்லும்

"பாண்டியில் கரண்டு மலிவு" என்ற பேச்சு செஞ்சியில் நெடுநாளாகப் புழங்குகிறது. புதுச்சேரி இங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர். ஆஸ்பத்திரி, கல்லூரி, கல்யாணம் என்று போய்வராத குடும்பம் குறைவு. போன இடத்தில் உறவுக்காரர் வீட்டு பில்லைப் பார்த்து யூனிட் விலையை மனதில் வைத்துக்கொண்டு வந்து, இங்குள்ள விலையோடு பொருத்திப் பேசுகிறோம். இந்த முறையால் எந்த முடிவுக்கும் வர முடியாது. அங்கே மாதக் கணக்கு, இங்கே இரண்டு மாதக் கணக்கு. அங்கே நிலைக்கட்டணம் உண்டு, இங்கே வீடுகளுக்கு அது இல்லை. இங்கே முதல் 100 யூனிட் இலவசம், அங்கே முதல் யூனிட்டிலிருந்தே விலை. ஒரே அளவு மின்சாரத்துக்கு ஒரே கால அளவில் கையிலிருந்து போகும் மொத்தத் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும்.

2024-ஆம் ஆண்டின் நடுப்பகுதி இதற்கு வசதியானது. ஜூனில் புதுச்சேரி மின்துறையின் புதிய கட்டணம் வந்தது. ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் புதிய கட்டணம். அப்போது இங்கே இரண்டு மாதத்துக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. அங்கே மாதத்தில் முதல் 100 யூனிட்டுக்கு 2.70, அடுத்த நூறுக்கு 4, அதற்கடுத்த நூறுக்கு 6, அதற்கு மேல் 7.50.

அந்தக் கட்டணப்படி இரண்டு மாதத்தில் 200 யூனிட் செலவழிக்கும் வீடு செஞ்சியில் 235 ரூபாய் கட்டும்; புதுச்சேரியில் 540. 400 யூனிட் என்றால் இங்கே 1,175, அங்கே 1,340. சரியாக 500 என்றால் 1,805-க்கு எதிரே 1,940. புதுச்சேரித் தொகைகளோடு கிலோவாட்டுக்கு இவ்வளவு என்ற நிலைக்கட்டணமும் சேரும். எதிர்ப்புக்குப் பிறகு அந்த அரசு மானியம் அறிவித்தது. நடுத்தர வீட்டின் வேறுபாட்டை அது சுருக்கும். சின்ன வீட்டுக்குச் செஞ்சிதான் மலிவு என்பதை மாற்றாது. ஆந்திரத்தின் அன்றைய கட்டணத்தில் இதே 400 யூனிட்டுக்கு நிலைக்கட்டணம் இல்லாமலேயே 1,734 ரூபாய். ஆக, மின்விசிறி, டிவி, மிக்சி, ஒரு பிரிட்ஜ் என்று இருக்கும் குடும்பத்துக்கு "பாண்டியில் மலிவு" என்ற பேச்சு பொருந்தாது.

500-ஐத் தாண்டியதும் கணக்கு புரள்கிறது. 600 யூனிட்டுக்குச் செஞ்சியில் 2,880, புதுச்சேரியில் 2,540. 1,000 யூனிட்டுக்கு 6,870-க்கு எதிரே 5,540. நிலைக்கட்டணத்தைச் சேர்த்தாலும் ஏசி வீட்டுக்குப் பாண்டிதான் மலிவு. இதில் எனக்குப் பெரிய குறை இல்லை. அதிகம் செலவழிப்பவர் அதிகம் கொடுக்கட்டும். சிதறிக் கிடக்கும் கிராமங்களுக்கு நீளநீளமாகக் கம்பி இழுத்து, பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரமும் கொடுக்கும் அமைப்பின் செலவு, சிறிய புதுச்சேரிக்கு அந்த அளவுக்கு இல்லை. மேல்மலையனூர்ப் பக்கம் கடலை போட்டு நீர் இறைக்கும் விவசாயியின் மின்சாரத்துக்கும் யாரோ ஒருவர் பணம் கட்டத்தான் வேண்டும்.

குறை, 500 என்ற கோட்டிலேயே இருக்கிறது. 500 யூனிட்டுக்கு 1,805 கட்டும் வீடு 501-க்கு 2,048 ரூபாய் 40 காசு கட்ட வேண்டும். ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய். காரணம், கோட்டைத் தாண்டியவுடன் 101 முதல் 200 வரையிலான சலுகை பின்னோக்கிப் பறிபோகிறது. புதுச்சேரியில் அடுக்கைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறும். ஆந்திரமும் 2022 ஏப்ரலில் இந்த முறைக்கு வந்துவிட்டது.

இது யாரைத் தாக்குகிறது? ஏசி வீட்டுக்காரரை அல்ல, அவர் எப்போதும் கோட்டுக்கு வெகு மேலே இருப்பவர். அடிபடுவது, நாளொன்றுக்கு 8 யூனிட் செலவழிக்கும் வீடு. கோடையில் பாறை மலைகள் இரவிலும் அனல் கக்கும் இந்த ஊரில், மின்விசிறியும் ஏர்கூலரும் விடியவிடிய ஓடினால் அந்த அளவை எளிதில் தொடலாம். 60 நாளில் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், 1,679 ரூபாய். ரீடிங் எடுப்பவர் நான்கு நாள் கழித்து வந்தால் 512 யூனிட், 2,140 ரூபாய் 80 காசு. அடுத்த முறை 56 நாளிலேயே எடுத்து ஈடுகட்டினாலும், இரண்டு பில்லும் சேர்ந்து 260 ரூபாய் கூடுதல். தாமதத்துக்கு ஏற்ப அடுக்கை நீட்டாவிட்டால், வீட்டுக்காரர் ஒரு யூனிட்கூட அதிகம் எரிக்காமலே இந்தப் பணம் போகும்.

இரண்டு மாதக் கணக்கே கொள்ளை என்பார்கள். அது அப்படியே சரியல்ல. மாதக் கணக்குக்கு மாற்றி அடுக்குகளையும் பாதியாக்கினால், மாதாமாதம் ஒரே அளவு செலவழிப்பவருக்குத் தொகை மாறாது. வெயில் மாதமும் மழை மாதமும் ஒரே பில்லில் சேர்ந்தால் சராசரி குறைந்து லாபம்கூட வரலாம். பறிப்பது 500-க் கோடு, இரண்டு மாதம் அல்ல.

இன்னொரு கூட்டத்துக்குச் சின்ன வீட்டுக்கான மலிவு எட்டுவதே இல்லை. ஒரே மீட்டரில் மூன்று போர்ஷன் உள்ள வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு இரண்டு மாதத்தில் 170 யூனிட். தனி மீட்டர் இருந்தால் ஒவ்வொருவரும் 164 ரூபாய் 50 காசு கட்டுவார்கள். மூன்றும் ஒன்றாக 510 ஆகும்போது பில் 2,124, தலைக்கு 708. அதே 170 யூனிட்டுக்குப் புதுச்சேரியில் தனி மீட்டர் வைத்திருப்பவர் கொடுப்பது 459, நிலைக்கட்டணம் தனி. சின்ன வீடுகளுக்கு இப்படி ஒரு சலுகையை அறிவித்துவிட்டு, வாடகைக் குடித்தனக்காரரிடம் அதைச் சேர்க்காமல் விடுவது பெரும் அநியாயம்.

என் முடிவு இது. சின்ன வீட்டுக்குத் தமிழ்நாட்டுக் கட்டணம் சிறந்தது. கட்டண அமைப்பில் புதுச்சேரி சிறந்தது. இரண்டையும் சேர்ப்பது முடியாத காரியமல்ல. இங்கே 2022-இல் ஒழுங்குமுறை ஆணையம் போட்ட கட்டண ஆணையின் காலம் 2026-27 நிதியாண்டோடு முடிகிறது. அதன் பிறகு வரும் ஆணைக்கான விசாரணையில், செஞ்சிக்காரர்கள் வெறும் விலைக்குறைப்பைக் கேட்டு நிற்க வேண்டாம். 500-ஐத் தாண்டினாலும் பழைய சலுகை பறிபோகக் கூடாது, ரீடிங் தாமதமானால் அந்த நாட்களுக்கு அடுக்கும் நீள வேண்டும், குடித்தனம் ஒவ்வொன்றுக்கும் தனி மீட்டர் எளிதில் கிடைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அதுவரை, மீட்டர் அட்டையில் ரீடிங் எடுத்த தேதியைப் பார்த்து நாட்களை எண்ணி வையுங்கள்.