அரண் அதிகாரமும் மலாயாவின் கடற்கோட்டையும்

திருக்குறளின் பொருட்பாலில் அரண் என்பது எழுபத்தைந்தாம் அதிகாரம். பள்ளிகளிலும் இலக்கியக் கூட்டங்களிலும் அது மிகுதியாகப் பேசப்படுவதில்லை. மதிலும் அகழியும் மறைந்துவிட்ட காலத்தில் அதனைப் பயில்வதால் வரும் பயன் யாது என வினவுவாரும் உளர். இவ்வினாவுக்கு விடை காண மதுரைக்கோ உறையூருக்கோ செல்ல வேண்டுவதில்லை. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வாழும் தமிழரின் முன்னோர் காலத்திலேயே ஒரு பேரரண் எழுந்தது. அவர்தம் உழைப்பின் பயனும் அதிற் கலந்தது. அவர் காலத்திலேயே அது வீழ்ந்தது. சிங்கப்பூர்க் கடற்படைத் தளமே அவ்வரண். வள்ளுவர் வைத்த உரைகல்லில் அதனை உரைத்துப் பார்த்தால், அதிகாரத்தின் ஆழமும் அரணின் பிழையும் ஒருங்கே விளங்கும்.

முதற்கண் அதிகார வைப்பு முறையை நோக்குதல் வேண்டும். நாடு, அரண், பொருள் செயல்வகை, படைமாட்சி என்பன ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. அரணுக்கு முன்னே நிற்பது நாடு. பின்னே நிற்பது பொருள். நாட்டின் இலக்கணங்களுள் ஒன்றாக, மேன்மேல் வந்து குவியும் சுமையைத் தாங்கி, அரசனுக்குரிய இறையை முழுதும் செலுத்துதலை வள்ளுவர் கூறுகிறார். நாடு இறை தரும். அவ்விறையால் வரும் பொருள் படையாகும், காப்பாகும். அக்காப்பு மீண்டும் நாட்டுக்கே பயன்படும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் எஞ்சியவை பயன்படா. மலாயாவின் கதை கண்ணி அறுந்த கதையே.

மலாயா தந்த பொருள் சிறிதன்று. 1912ஆம் ஆண்டு நவம்பரில், கோலாலம்பூரைத் தலைநகராகக் கொண்ட மலாய்க் கூட்டு மாநிலங்களின் கூட்டாட்சி மன்றம், பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு முதல்தரப் போர்க்கப்பலை அன்பளிப்பாக அளிக்க முடிவு செய்தது. 'மலாயா' என்று பெயர் பெற்ற அக்கப்பலின் விலை 25 இலட்சம் பவுனுக்கும் மேற்பட்டது. பின்னர், 1926ஆம் ஆண்டில், சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்துக்கென 20 இலட்சம் பவுனை இம்மாநிலங்கள் அளிக்க முன்வந்தன. தளத்துக்கு வேண்டிய நிலத்தை நீரிணைக் குடியேற்றங்கள் வாங்கித் தந்தன. நியூசிலாந்து 10 இலட்சமும், ஹாங்காங் இரண்டரை இலட்சமும் தந்தன. 1935ஆம் ஆண்டில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவையொட்டி ஜொகூர் சுல்தான் இபுராகிம் 5 இலட்சம் பவுன் அளித்தார். அதன் பெரும்பகுதி சிங்கப்பூரின் காப்புக்கே செலவாயிற்று. சாங்கியில் நிறுவிய மூன்று பதினைந்து அங்குலப் பீரங்கிகளின் தொகுதி ஜொகூர்த் தொகுதி என்றே பெயர் பெற்றது. தளம் முழுவதற்கும் ஆன செலவு 6 கோடி பவுன் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு.

பெருந்தொகைகள் வெறும் எண்களாகவே நின்றுவிடுவது இயல்பு. தோட்டக் கூலியோடு ஒப்பிட்டால்தான் அவற்றின் கனம் தெரியும். அன்றைய மாற்று விகிதப்படி ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ். ஆகவே 20 இலட்சம் பவுன் என்பது ஏறத்தாழ 1 கோடியே 71 இலட்சம் வெள்ளி. 1928ஆம் ஆண்டில் கோல சிலாங்கூர் போன்ற இடங்களில் இந்திய ஆண் தொழிலாளிக்கு விதித்த தரக்கூலி நாளொன்றுக்கு 50 காசு; பெண்ணுக்கு 40 காசு. ஆண்கூலியால் வகுத்தால், அவ்வொரு நன்கொடை மட்டும் 3 கோடியே 42 இலட்சம் நாட்கூலிக்குச் சமம். கூட்டு மாநிலங்களின் கருவூலத்தை நிரப்பியவை ஈயமும் ரப்பரும் அபினும் புகைவண்டியுமே. ரப்பர்ப் பாலைச் சேர்த்தவரும், பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளிலிருந்து சென்று புகைவண்டிப் பாதையைப் பேணியவரும் யாவர் என்பதைக் கிள்ளான் பள்ளத்தாக்கினர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

ஈந்தவர் யார், ஈய இசைந்தவர் யார் என்னும் வினா இங்கு எழுகிறது. இந்தியருள் முதல்வராக வீராசாமி கூட்டாட்சி மன்றத்தில் அமர்ந்தது 1928ஆம் ஆண்டில். கப்பலுக்கும் தளத்துக்கும் பொருள் ஒதுக்கிய காலத்தில் தோட்டத் தொழிலாளர் சார்பில் பேச அங்கு ஒருவரும் இலர். நீரிணைக் குடியேற்றங்களின் நிலை வேறு. 1890ஆம் ஆண்டில் அவற்றின் படைச்செலவுப் பங்கை ஆண்டுக்கு ஒரு இலட்சம் பவுனாக உயர்த்தியபோது வணிகர் வெகுண்டனர். பூசல் முற்றி, 1895ஆம் ஆண்டில் சட்டமன்றத்தின் அதிகாரச் சார்பற்ற உறுப்பினர்கள் பதவி துறந்தனர். வணிகர்க்கு மறுக்க ஒரு வாயில் இருந்தது. பால்மரம் சீவியவர்க்கு அது இல்லை.

இனி அரணை அதிகாரத்தோடு பொருத்திக் காண்போம். காக்க வேண்டிய இடம் சிறிதாய், உள்ளிடம் பெரிதாய் இருத்தல் அரணின் இலக்கணம் என்பர் வள்ளுவர். சிங்கப்பூரோ இதற்கு நேர்மாறு. ஒரு சிறு தீவைக் காக்க அதன் வடக்கேயுள்ள தீபகற்பம் முழுவதையும் காக்க வேண்டியிருந்தது. அகத்துள்ளார்க்கு வேண்டிய உணவு அரணுள் இருத்தல் வேண்டும் என்பது மற்றோர் இலக்கணம். மலாயா உண்ட அரிசியிற் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. எல்லாப் பொருளும் இருப்பதோடு, இடுக்கண் வந்துழி உதவும் நல்ல வீரரும் வேண்டும் என்பது மூன்றாவது. துறை இருந்தது, துறையில் நிற்க வேண்டிய கடற்படை ஐரோப்பாவில் இருந்தது. இறுதியில் வந்த இரு பெருங்கப்பல்களும் 1941ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் வானூர்திகளால் மூழ்கின. 'மலாயா' கப்பலோ அந்நாளில் மலாயாவைச் சூழ்ந்த கடலிலேயே இல்லை. ஜிப்ரால்டரைத் தளமாகக் கொண்டு இயங்கியது.

பீரங்கிகள் கடலையே நோக்கியிருந்தமையால் தீவு வீழ்ந்தது என்பது வழக்கில் உள்ள கூற்று. இது முற்றும் உண்மையன்று. அவற்றுட் பல நிலத்தை நோக்கியும் திரும்பத் தக்கவை. திரும்பிச் சுட்டும் இருக்கின்றன. ஆயின் அவற்றுக்குச் சேர்த்து வைத்த குண்டுகளிற் பெரும்பாலானவை கப்பலின் கவசத்தைத் துளைப்பதற்கென வார்த்தவை. நிலத்தில் வரும் காலாட்படைமேற் பெரும்பயன் விளைக்காதவை. கருவி பிழைபடவில்லை; பகைவன் எவ்வழி வருவான் என்னும் கணிப்பே பிழைபட்டது. அரண் எத்துணை மாட்சிமை உடையதாயினும், வினையில் மாட்சி இல்லாதார்க்கு அது பயன்படாது என்று அதிகாரத்தை முடித்தமையின் நுட்பம் இங்குப் புலனாகும்.

குறளின் அரண் மதிலும் காடும் மலையும் கொண்டது; அதனைப் பீரங்கியோடு ஒப்பிடுதல் காலமுரண் என்று கூறலாம். இம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் வள்ளுவர் மதிலின் அளவையும் கல்லின் வகையையும் சொல்லவில்லை. அரண் ஆற்ற வேண்டிய தொழிலையே சொன்னார். ஆதலின் கருவி மாறினும் இலக்கணம் மாறுவதில்லை. குறளுக்கும் மலாயாவுக்கும் உள்ள உண்மையான முரண் வேறு. அரணை உடையவனும் அதனுட் புகுவோனும் ஒருவனே என்பது குறளின் அடிப்படை. அஞ்சித் தற்காப்பவர்க்கும் அரணே பொருள் என்பது அதிகாரத்தின் தொடக்கம். பேரரசின் கடல்வழியைக் காக்க எழுந்த கோட்டையில், பொருள் தந்த தோட்டத் தொழிலாளி அஞ்சிப் புகுவதற்கு இடம் வகுக்கவில்லை.

இதற்குச் சான்று கிள்ளான். 1941ஆம் ஆண்டில் அவ்வட்டாரத் தோட்டத் தொழிலாளர் சீனத் தொழிலாளர்க்கு ஒப்பான கூலி வேண்டினர்; கள்ளுக்கடையை மூடவும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் இழிவை ஒழிக்கவும் வேண்டினர். மே மாதத் தொடக்கத்தில் அவர்தம் தலைவர் ஆர். எச். நாதன் சிறைப்பட்டார். வேலைநிறுத்தம் பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்து, மலாயாவைக் காக்க வந்திருந்த இந்தியப் படையினரையே ஏவினர். தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். பகைவன் கரையேறுவதற்கு ஏழு திங்களுக்கு முன்னரே படையின் முகம் குடிகளை நோக்கித் திரும்பிவிட்டது.

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரை மதிலில் இருந்த பொறிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சுட்டி அடுக்குகிறது. கற்போர் அதனைப் படைக்கலப் பட்டியலாகவே கருதிக் கடந்துவிடுவர். ஆயின் அப்பொறிகளுள் ஒன்றேனும் மதுரையைக் காக்கவில்லை. புறத்தே பகைவன் வரவில்லை, அகத்தே முறை பிழைத்தது, நகர் எரிந்தது. பட்டியலை இளங்கோ அவ்விடத்து வைத்தது இதனை உணர்த்தவே எனக் கொள்ளுதல் பொருந்தும்.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் கோத்தபாருவில் பகைவன் இறங்கினான். சனவரித் தொடக்கத்தில் அவன் சிறு படகுகள் சிலாங்கூர்க் கரையிலும் ஒதுங்கின. சனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. தளத்தின் பெருந்துறை 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் திறப்புவிழாக் கண்டது. சிங்கப்பூர் சரணடைந்தது 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள். இடைப்பட்டவை நான்கு ஆண்டும் ஒரு நாளும். அதன்பின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் சயாம் இரும்புப் பாதைக்குச் சென்றனர். அவருட் பலர் மீளவில்லை. கோட்டையின் செலவுக் கணக்கில் அவ்வுயிர்களும் சேர்ந்தாலன்றிக் கணக்கு முடியாது.

அரண் அதிகாரத்தைக் கற்பிக்கும் தமிழாசிரியர் அகழியின் படத்தைக் கரும்பலகையில் வரைவதோடு அமைதல் போதாது. அரணுக்குப் பொருள் தந்தவர் யார், அதனுட் புகுந்து உய்ந்தவர் யார் என்னும் இரு வினாக்களையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும். இரண்டுக்கும் விடை ஒன்றாயின் அது அரண். வேறாயின் அது வெறுஞ்செலவு.