ஆறு எழுதிய தலையெழுத்தா?

நைல் இல்லையேல் எகிப்து இல்லை. யூப்ரடீசும் டைகிரீசும் இல்லையேல் சுமேரியா இல்லை. சிந்து இல்லையேல் மொகஞ்சதாரோ இல்லை. பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த பாடம் இது, மறுப்பார் எவருமிலர். ஆனால், இந்த எளிய உண்மையின் தோள்மீது ஏறி நின்றுகொண்டு, பேராறு பாய்ந்த இடத்திலெல்லாம் அடிமைத்தனம் பிறந்தே தீரும் என்று ஒருவர் ஏடு தீட்டினால், அதையும் பாடமென்று நெட்டுருப் போடுவதா? அறிவென்னும் உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டாமா?

அத்தகைய ஏடுதான் 1957-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'கீழைத்தேயக் கொடுங்கோன்மை.' தீட்டியவர் கார்ல் விட்ஃபோகல். ஜெர்மனியில் பிறந்தவர், பொதுவுடைமைக் கட்சியிலே இருந்தவர், 1933-இல் இட்லரின் சிறைமுகாமிலே வாடியவர், பின்னர் அமெரிக்கா புகுந்து, பழைய கொள்கைக்கே பகைவராக மாறியவர். கொடுங்கோன்மையின் கொட்டடியைக் கண்ணால் கண்டவர், அதன் வேர் எங்கே என்று தேடினார். தேடியது போற்றத்தக்கது. கண்டேன் என்று அவர் காட்டும் வேர்தான் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. தண்ணீராம் அந்த வேர்!

அவருடைய வாதம் இது: மழை குறைந்த நாட்டில் பேராற்றை நம்பியே பயிரிட வேண்டும். பேராற்றை அடக்கப் பெருங்கால்வாய் வேண்டும்; கரை வேண்டும். அவற்றை அமைக்க ஆயிரமாயிரவர் உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பைத் திரட்டவும், வேலையைப் பங்கிடவும், கணக்கு வைக்கவும் ஆணையிடும் கை ஒன்று வேண்டும். அந்தக் கைக்கு உரியவனே மன்னனானான், மன்னனே கடவுளானான், மக்கள் மண்ணோடு மண்ணாயினர். எகிப்து, மெசொப்பொட்டேமியா, இந்தியா, சீனம் யாவும் இந்த ஓர் அச்சில் வார்த்தவையே என்பது அவர் தீர்ப்பு. சிறு வாய்க்கால் பாசனத்துக்கு விலக்கு அளிக்கிறார். பெரும் பாசனத்துக்கு விலக்களிக்க அவருக்கு மனமில்லை.

கோவையான வாதந்தான். ஆனால் கோவை வேறு, சான்று வேறு. சான்றைத் தேடி, அவர் சுட்டும் ஆறுகளின் கரைக்கே செல்வோம்.

முதலில் நைல். எத்தியோப்பிய மலைநாட்டில் பெய்த கோடை மழை, ஆடி ஆவணியில் எகிப்தின் வயல்களை வெள்ளமாய் மூடும். ஐப்பசி வாக்கில் வண்டலை விட்டுவிட்டு வடியும். உடனே விதைப்பு நடக்கும். 1970-இல் அஸ்வான் உயர் அணை முடிவுறும் காலத்துக்கு முன்னர் பல்லாயிரம் ஆண்டுகள் நடந்த முறை இது. வெள்ளம் வேண்டிய காலத்தில் தானே வந்தது. உழவன் செய்தது, வரப்பெழுப்பி, வந்த நீரைப் பாத்தியில் தேக்கி, ஊறியபின் வடியவிட்டது. அது அந்தந்த ஊரார் கூடிச் செய்யக்கூடிய வேலை. பண்டை எகிப்தின் பாசனத்தை ஆராய்ந்து 1976-இல் நூல் வெளியிட்ட கார்ல் பட்சர், பாசனம் வட்டாரத்துக்கு வட்டாரம் நடந்ததென்றும், அதனை ஒரு மையத்திலிருந்து ஆண்டதற்குச் சான்றில்லை என்றும் காட்டினார். பிரமிடு எழுப்பப் பேரரசு தேவைப்பட்டிருக்கலாம். பாத்தி கட்டத் தேவைப்படவில்லை.

அடுத்தது யூப்ரடீஸ், டைகிரீஸ். இங்கே நிலைமை நேர்மாறு. வடக்கு மலைகளின் பனி உருகிச் சித்திரை வாக்கில் வெள்ளம் வரும்; அப்போதோ வாற்கோதுமை முற்றி அறுவடைக்கு நிற்கும். விதைக்கும் பருவத்தில் ஆற்றில் நீர் வற்றியிருக்கும். வேண்டும்போது வாராது, வேண்டாதபோது கரையுடைத்து வரும்! கால்வாயும் கரையும் இன்றி வாழ முடியாத நாடு. விட்ஃபோகலின் வாதம் எங்கேனும் வெல்லுமானால் இங்கேதான் வெல்ல வேண்டும். வென்றதா?

அந்தச் சமவெளியில் அலைந்து, பழைய ஊர்மேடுகளையும் தூர்ந்த வாய்க்கால் தடங்களையும் குறித்து, 1981-இல் பெருநூல் தந்தவர் ராபர்ட் ஆடம்ஸ். தொடக்கக் காலப் பாசனம் இயற்கையான ஆற்றுக் கிளைகளை ஒட்டிய சிறு பாசனமே என்பதும், நாட்டை ஊடறுக்கும் பெருங்கால்வாய்கள் நகரங்களும் அரசும் எழுந்த பின்னர் வந்தவை என்பதும் அவர் ஆராய்ச்சியில் விளங்கின. பெருங்கால்வாய் மன்னனை ஈன்றதென்பது, மகளைக் காட்டி, 'இவளே தாயைப் பெற்றவள்' என்பதற்கு ஒப்பாகும்.

கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட ஹமுராபியின் சட்டத்தையும் பாருங்கள். ஒருவன் தன் கரையைப் பேணாது சோம்பியிருந்து, உடைப்பு ஏற்பட்டு, அயலார் வயல் மூழ்கினால், அழிந்த தானியத்தை அவன் ஈடு செய்ய வேண்டும். ஈடு செய்ய வகையற்றவனாயின், அவனையும் அவன் உடைமையையும் விற்று, கிடைத்த வெள்ளியை அயலார் பங்கிட்டுக் கொள்ள வேண்டும். கரையைக் காக்கும் பொறுப்பு நிலத்துக்காரன் தலையில் இருந்தது என்பதற்கு இது சான்று. அதனினும் பெரிய உண்மையும் இதில் உண்டு. தானியம் உள்ளவன் தானியம் தந்து தப்பினான். இல்லாதவனே சந்தைக்குப் போனான். கரையை உடைத்தது ஆறு. மனிதனை விற்றது சட்டம். எந்த ஆறு எந்த மனிதனை விலை கூறிற்று?

மூன்றாவது சிந்து. அதன் தொல்நகரங்களை உலகுக்கு 1924-இல் அறிவித்தார் ஜான் மார்ஷல். சுட்ட செங்கல்லால் வீடு, தெருவெங்கும் சாக்கடை, நூற்றுக்கணக்கில் கிணறு, ஊருக்கு ஊர் ஒத்த எடைக்கல்! ஆனால், இதுதான் அரண்மனை, இதுதான் மன்னன் கல்லறை என்று ஐயமற அடையாளம் காட்டத்தக்க கட்டடம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அங்கிருந்த ஆட்சி எத்தகையது என்பதை, எழுத்து படிக்கப்படாத நிலையில் துணிந்துரைக்க இயலாது. எனினும், ஆற்றுக்கரை நாகரிகமென்றால் அரசக் கடவுளின் காலடி என்ற அச்சு இங்கே பொருந்தவில்லை.

தோழர்களே! ஆறு நாகரிகத்தை உருவாக்கவில்லை என்று வாதாடுவது நமது நோக்கமன்று. வண்டலும் வெள்ளமும் மனிதனுக்கு வாய்ப்பை வழங்கின, இடரையும் தந்தன. எப்போது விதைப்பது, எங்கே குடியேறுவது என்பவற்றை வரையறுத்தன. ஆனால் விளைந்ததை யார் வைத்துக்கொள்வது, யார் வெறுங்கையோடு வீடு திரும்புவது என்பதை ஆறு வரையறுக்கவில்லை. அதை வகுத்தவர்கள் மனிதர்கள். மனிதர் வகுத்ததை மனிதர் மாற்றலாம். அதனால்தான் இந்த வழக்கு நமக்கு வெறும் பழங்கதையன்று. முன்னர் 'விதி' என்றனர். கோளும் நாளும் காரணமென்றனர். அதை எள்ளி நகையாடும் நாம், நாள்காட்டி இருந்த இடத்தில் நிலப்படத்தை மாட்டிவைத்து, 'இது உன் நாட்டின் இயல்பு' என்று ஒருவர் கூறும்போது தலையசைக்கலாமா?

மூன்றாம் ராமேசஸ் ஆண்ட 29-ஆம் ஆண்டு, கி.மு. 12-ஆம் நூற்றாண்டு. மன்னர் கல்லறைகளைக் குடைந்த எகிப்தியத் தொழிலாளர்க்குக் கூலித் தானியம் உரிய காலத்தில் வரவில்லை. கருவிகளைக் கீழே வைத்தனர். பசிக்கிறது என்று முறையிட்டனர். இத்தாலியின் டூரின் நகரில் இருக்கும் பாப்பிரஸ் ஏடு இச்செய்தியைக் கூறுகிறது. பசிக்குக் காரணம் கேட்க அவர்கள் நைலின் கரைக்குப் போகவில்லை. தானியம் சேமித்து வைத்திருந்த அரசக் கோயில்களின் வாயிலுக்குப் போய் உட்கார்ந்தார்கள். தானியம் வந்தது!