மெர்வின் மண்சுவரும் மாலை வெயிலும்

துருக்மெனிஸ்தானின் காராகும் பாலைவனத்தில், முர்காப் ஆற்று நீரை நம்பி வளர்ந்த நகரம் பழைய மெர்வ். 1221-இல் மங்கோலியர் அழித்தது. 1999 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது. அங்கே போகிற கேமராக்கள் தவறாமல் திரும்பும் இடம் பெரிய கிஸ் காலா என்ற பழங்கட்டடம். சுடாத மண்கல்லில் எழுப்பி, அரைத்தூண்களை நெருக்கி நிறுத்திய புறச்சுவர். சாய்வெயில் பட்டால் புடைப்புக்கொரு நிழல் விழும். சுமாராகப் படம் பிடிப்பவர்கூட அங்கே தோற்பதில்லை. என் சந்தேகமே அதில்தான்.

மழை அந்தச் சுவரை மேலிருந்து கரைக்கிறது என்றாலும், அதைச் சாய்ப்பது அடியில் நடக்கும் வேலை. நிலத்தின் ஈரம் ஓதமாக ஏறும்போது உப்பும் ஏறுகிறது. ஈரம் உலர உப்பு படிகமாகி மண்கல்லைப் பொரியவைக்கிறது. உதிர்ந்ததைக் காற்று கொண்டுபோகிறது. அடி குடைந்துபோன சுவர் ஒருநாள் தன் பாரத்திலேயே பாளமாகச் சரிகிறது. 1954-இல் வெட்டத் தொடங்கிய காராகும் கால்வாயும் பருத்திப் பாசனமும் நிலத்தடி நீரை உயர்த்தி இதை மோசமாக்கின. மாலைநேரப் படங்களில் இது எதுவும் தெரியாது. கால்வாய் சட்டகத்துக்கு வெளியே நிற்கும். அடிக்குடைவு அழகான கறுப்புக் கோடாகிவிடும். நேற்றைய சேதத்தை ஆயிரமாண்டுத் தொன்மையாகக் காட்டிவிடுகிற படங்கள் அவை.

ஆனாலும் கேமரா இல்லாமல் முடியாது. 1890-இல் ருஷ்ய அறிஞர் ஷுகோவ்ஸ்கி இங்கே ஆய்வு செய்த காலத்துப் படங்களை வைத்துத்தான் எந்தச் சுவர் எவ்வளவு போயிற்று என்று பிற்கால ஆய்வாளர்கள் ஒப்பிட முடிந்தது. ஒப்பிட உதவுகிற படம் பெரும்பாலும் சலிப்பூட்டுகிற படம்: அதே இடம், அதே கோணம், அதே பருவம், அளவுகோலுக்கு ஒரு கம்பு. ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நூற்றுக்கணக்கில் எடுத்து முப்பரிமாண மாதிரி செய்பவர்களுக்கோ மேகமூட்டமே வசதி. மற்றவர்கள் கேமராவை மூடிவைக்கிற நேரம் அது! அந்த மாதிரியும் சுவரின் தோலைத்தான் அளக்கும். உள்ளே ஏறியிருக்கும் ஈரத்துக்கு வேறு கருவி வேண்டும்.

குடைந்த அடியைப் புது மண்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். நிறம் ஒட்டவில்லை என்று அந்த ஒட்டை வெட்டிவிட்டுப் படம் பிடிப்பது எனக்கு உடன்பாடில்லை. அது படத்தில் இருந்தால்தான், அடுத்த பத்தாண்டில் வருகிறவர் அது பிடித்ததா பெயர்ந்ததா என்று பார்க்க முடியும்.