எழுதியவரும் எழுதப்பட்டதும்

சோவியத் உளவுத்துறையாகிய கே.ஜி.பி.யின் முதல் தலைவர் (1954–58) இவான் செரோவ் 1990இல் மறைந்தார். 2012இல் அவருடைய வண்டிக்கொட்டிலின் சுவருக்குள் கிடைத்த பெட்டிகளில் இருந்தனவென்று சில குறிப்புகள் 2016இல் நூலாயின. அவை அவர் கையெழுத்தே என்பாரும் புனைவு என்பாரும் வாதிட்டனர். புடாபெஸ்டில் யூதர் பலரைக் காத்த சுவீடன் நாட்டு வாலன்பெர்க், 1947இல் சிறையிற் கொல்லப்பட்டார் என்கிறது அந்நூல். 1957இல் சோவியத் அரசு கூறியதோ மாரடைப்பு.

குறிப்புகள் செரோவ் எழுதியவையே என்று கொள்வோம். அதனாலேயே அவை மெய்யாகிவிடுமா? செசெனிய மக்களை 1944இல் நாடு கடத்தியதில் முன்னின்றவர் அவர். தம்மைக் காத்துக்கொள்ள எழுதுபவரின் சொந்தக் கையும் பொய்யுரைக்கும். எழுதியவர் யார் என்பது ஒரு வினா. எழுதியது மெய்யா என்பது வேறொரு வினா. அறிஞரும் இவ்விரண்டைக் குழப்புவதுண்டு.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நமக்கு இத்தகைய வழக்கு மிக அண்மையிலேயே உள்ளது. திருமலையில் எழுந்தருளியுள்ள மூர்த்தி எவர் என்ற பூசலை, யாதவராயர் குலத்து அரசன் காலத்தில், இராமாநுசர் தீர்த்த வரலாற்றை விரித்துரைக்கும் வடமொழி நூல் ‘வேங்கடாசல இதிகாசமாலை’. இராமாநுசரின் சீடரும் மலைமேல் நந்தவனம் அமைத்தவருமான அனந்தாழ்வானே இதனை இயற்றினார் என்பது மரபு. அவ்வாறாயின் இஃது உடனிருந்தவர் சான்று. எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் தம் திருப்பதி வரலாற்றில் (1940–41) இதனைப் பெரிதும் எடுத்தாண்டார். ஐயுறுவோரும் உளர். நம் கருத்தில், நூல் பிற்காலத்தார் கையினதாயினும் அது தாங்கிவரும் செய்தி பழையதாக இருக்கலாம். செரோவ் வழக்குக்கு இது நேர் எதிர்த்திசை.

கல்வெட்டுகளைக் கொண்டு தீர்த்துவிடலாமே எனின், அதுவும் எளிதன்று. விளக்குக்குப் பொன் தந்தார், அமுதுபடிக்கு நிலம் விட்டார் என்று கல் சொல்லும். வாதத்தில் வென்றவர் யார் என்று பெரும்பாலும் சொல்லாது. அரசர் பெயரையும் காலத்தையும் ஒத்துப்பார்க்கலாம், அவ்வளவே. கல்லின் காலமும் சில இடங்களில் வழக்குக்குரியது: பல்லவ குலத்துச் சாமவை வெள்ளித் திருமேனி அளித்த சாசனத்தை 966 என்பர் பலர், 614 என்பாரும் உளர்.

ஆயினும் பார்க்கத்தான் வேண்டும். தேவஸ்தானம் 1930களில் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகளிற் பெரும்பான்மை தமிழ்ச் சாசனங்கள். சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் அவற்றுக்காகப் பட்ட பாட்டை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் பயிலும் நம் பிள்ளைகளுக்கு அத்தொகுதியின் ஒரு பக்கத்தையேனும் இவ்வாண்டு சங்கத்தில் வாசித்துக் காட்டலாம்.